தங்கபாய், ராமசேஷன் வலை இழுத்தான்

என் உயிரான தங்கபாய்,

நீ இருக்கும் இடத்தில் ரேடியோ உண்டா என்று எனக்குத் தெரியாது. உண்டென்றால் போன வியாழக்கிழமை மாலைச் செய்தி முடிந்ததும் நீ அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாய். இல்லையென்றால் நான்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும். இதைப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டு வாங்கி அச்சில் போடுகிறார். ஊரும் வாசிக்கட்டும். நீ என்றைக்கு ஊருக்குப் பயந்தாய்?

நம் மீன் நிகழ்ச்சி நன்றாக வந்துவிட்டது, பிள்ளே. நன்றாக என்றால், திருவனந்தபுரத்தில் மீனையே தொடாத தெருவில் ஜனங்கள் ஜன்னலுக்கு வெளியே கூடி நின்று கேட்டிருக்கிறார்கள்.

வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இந்த ஊர் வானொலி நிலையத்தில் தமிழ்ப் பகுதிக்கு எழுதுகிறவன். தெற்குக் கரையில் வலை பிடிக்கிறவர்களுக்காக வாரம் ஒரு கால்மணி நேரம் எங்களுக்கு உண்டு. என் மனைவி தங்கபாய் குளச்சலில் கருவாட்டு வியாபாரியின் மகள். காய்ச்சலில் போனாள். போகும்வரை என் நிகழ்ச்சியை அவள் ஒரு நாள்கூட நல்லது என்று சொன்னதில்லை.

நான் எழுதியதை வீட்டில் வாசித்துப் பார்ப்பேன். நீ வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாய். ஒருநாள் சொன்னாய்: "வலையில எத்தனை வகை உண்டுண்ணு சொல்லுதிய. அது அவனுவளுக்குத் தெரியாதா? கேக்கவனுக்கு வயித்துல ஒரு பிடி பிடிக்கணும் அத்தான், மீனு படுமா படாதாண்ணு." அதை எப்படி எழுத்தில் கொண்டுவருவது என்று கேட்டேன். எழுதினால் வராது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

இந்த வருஷம் நிகழ்ச்சிக்கே ஆபத்து வந்துவிட்டது. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப் போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் நிலைய அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மலையாளி, நல்ல மனிதர், சங்கீதக் காது உள்ளவர். மீன் நிகழ்ச்சியை யார் கேட்கிறார்கள் என்று விசாரித்தார். அந்த நேரத்துக்கு இசைத்தட்டுப் போடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கும்படி நான் கெஞ்சினேன். இந்தத் தடவை எழுதப் போவதில்லை, கரைக்கே போகப் போகிறோம் என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் கரைக்கு எப்படிப் போவது என்று யோசித்தேன்.

நிலையத்துக்குப் புதிதாக ஒரு ஒலிப்பதிவு இயந்திரம் வந்திருக்கிறது. சுருள் சுருளாக நாடா ஓடும். குரியன் என்ற என்ஜினீயர் அதைப் பச்சைப் பிள்ளையைப் போலத் துணியில் பொதிந்து வைத்திருக்கிறான். அறிவிப்பாளராக வேறு ஒருவரைக் கேட்டேன், அவர் லீவில் இருந்தார். கிடைத்தது நம் ராமசேஷன். வலியசாலை அக்கிரகாரத்துக்காரன். உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டுக்கு வந்தபோது மோர்கூட வேண்டாம் என்று சொன்னானே, அவன்தான். குரல் கோயில் மணி மாதிரி. வெள்ளச் செய்தியையும் கிரிக்கெட் செய்தியையும் ஒரே சுருதியில் வாசிப்பான்.

வேனில் போகும்போது குரியன் வெளிநாட்டில் வந்திருக்கும் டெலிவிஷனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். ரேடியோவில் படமும் தெரியுமாம். அது இங்கே வந்துவிட்டால் மீன் நிகழ்ச்சி செய்வது சுலபம், மீனைக் காட்டினால் முடிந்தது என்றான். மீனைப் பார்க்கச் சந்தைக்குப் போனால் போதாதா என்று நான் கேட்டேன். அப்புறம் எதைக் காட்டுவாய் என்று அவன் திருப்பிக் கேட்டான். கயிறு பிடித்திருக்கிறவன் முகத்தைக் காட்டுவேன் என்றேன். மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்த ராமசேஷன், எதைக் காட்டினாலும் வாசனை வராதே, அது போதும் என்றான். விழிஞ்ஞம் மீனவர் கரை வரைக்கும் இதே சண்டை.

கரையில் கரமடி போட்டிருந்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வள்ளம் வலையைக் கடலுக்குள் கொண்டுபோய் வளைத்து விட்டுவரும். வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். உள்ளே என்ன இருக்கிறது என்பது கடைசியில் வலையின் மடி கரையேறும்போதுதான் தெரியும்.

முதலில் எல்லாம் தப்பாகத்தான் போனது. கடல் இரைச்சலில் பேச்சு மூழ்கியது. நான் பழக்க தோஷத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்ததை ராமசேஷன் ஈரம் படாத மணலில் நின்று வாசித்தான். கரையில் நின்றவர்கள் பாதிரியாரின் பிரசங்கம் கேட்பதுபோலப் பணிவாகக் கேட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. உள்ளதில் பாதி நாடா இதிலேயே ஓடிவிட்டது.

அப்போது கயிற்றில் இருந்த ஒருவன் காலில் ஏதோ குத்தி நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். அவன் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. கூடையோடு மீனுக்குக் காத்திருந்த பிலோமினா என்ற பெண்பிள்ளை ராமசேஷனைப் பார்த்துச் சொன்னாள்: "சாமி, நோக்கிட்டு நிக்காம ஒரு கை பிடி."

ஏன் பிடித்தான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. மைக்கை என் கையில் திணித்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டான், தங்கபாய்.

நான் மைக்கை அவன் பக்கம் நீட்டினேன். அந்த நாடாவை நீ கேட்க வேண்டும். கயிறு இழுக்கிறவர்கள் ஏலோ போடுகிறார்கள். நடுவில் இவன் குரல், செய்தி வாசிக்கிற சுருதியில், தாளம் தப்பி. கூட்டம் சிரிக்கிறது. கொஞ்ச நேரத்தில் தாளம் சேர்கிறது. அப்புறம் எது அவன் குரல், எது மற்றவர்கள் குரல் என்று தெரியவில்லை. இரண்டு கூட்டமும் கிட்டே வந்தாயிற்று. கூடைக்காரிகள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். மூச்சிரைப்பு மட்டும் கேட்கிறது. நான் எழுதியதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. மீன் படுமா படாதா, அது ஒன்றுதான். திடீரென்று ராமசேஷன், வீட்டில் பேசுவதுபோல, "விடாதீங்கோ, விடாதீங்கோ, வந்துடுத்து" என்கிறான்.

அங்கே நாடா தீர்ந்தது. மடி கரையேறுவதற்கு முன்னால் தீர்ந்துவிட்டது. வேறு சுருள் கிடையாது. குரியன் இயந்திரத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டான்.

மடியில் என்ன இருந்தது தெரியுமா? தொட்டால் அரிக்கிற சொறி, எதற்கும் உதவாத கடல் பிராணி, கொழகொழவென்று குவியலாக. அதற்கு நடுவே ஒரு கை காரல் மீன். அவ்வளவுதான். இத்தனை பேரின் காலை நேரம் முழுவதும் அதில் போயிருந்தது. பிலோமினாதான் முதலில் வாய் திறந்தாள். "சாமி கை வச்ச வலையில மீனு எங்கன கேறும்?" கரை முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே அந்தக் கொஞ்சத்தையும் பங்கு வைத்தார்கள். கயிறு பிடித்தவனுக்குப் பங்கு உண்டென்று ராமசேஷன் கையிலும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வேன் நகரும்வரை மடியிலேயே வைத்திருந்தான். பிறகு என்னிடம் தந்தான். நான்தான் அதைக் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது, திட்டாதே.

மறுநாள் அதிகாரி நாடாவைக் கேட்டார். முதல் பாதியில் கொட்டாவி விட்டார். கயிற்றுச் சத்தம் வந்ததும் நிமிர்ந்தார். கடைசியில் சுருள் வெறுமனே சுற்றியபோது மேஜையில் சாய்ந்து, "என்னிட்டு?" என்றார். அப்புறம் என்ன என்று மலையாளத்தில் கேட்டார். வலையில் ஒன்றும் இல்லை என்று சொன்னோம். அவர் முகம் வாடியதை நீ பார்த்திருக்க வேண்டும். தன் சொந்த வலை மாதிரி வாடினார். முதல் பாதியைத் தூக்கி எறியுங்கள், கயிற்றை மட்டும் போடுங்கள், முடிவை ராமசேஷனே நேரில் மைக் முன்னால் சொல்லட்டும் என்றார்.

ராமசேஷனுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. அவன் அப்பா வலியசாலைக் கோயிலில் வேதம் ஓதுகிறவர். எதிர்வீட்டு வக்கீல் ரேடியோவை ஜன்னலில்தான் வைப்பார், தெரு முழுக்கக் கேட்கும். தன் குரலை எடுத்துவிடச் சொன்னான். வெட்டுவது சுலபம், கத்தரிக்கோல் போதும் என்று குரியன் சொன்னான். அவன் வீட்டு விஷயத்தில் நான் என்ன சொல்ல முடியும்? வெட்டுவதற்கு முன் தானே ஒரு தடவை கேட்க வேண்டும் என்றான் ராமசேஷன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் சொன்னான்:

"இதை வெட்டினா அப்புறம் இதுல என்ன இருக்கு ஓய்? அப்படியே போகட்டும். ஆத்துல என்ன சொல்றாளோ, நான் கேட்டுக்கறேன்."

வியாழக்கிழமை அவன் கையில் காகிதம் இல்லை. நாடா நின்றதும் அவன் பேசினான். சொறி வந்ததைச் சொன்னான், பிலோமினா கேலி செய்ததைச் சொன்னான், எல்லாரும் சிரித்ததைச் சொன்னான். "எனக்கும் ஒரு பங்கு கொடுத்தா" என்றும் சொன்னான். சொல்லும்போது குரல் உடைந்தது. செய்தி வாசிக்கிற ராமசேஷனுக்குக் குரல் உடைந்தது, பிள்ளே.

வீட்டுக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வரும்படி என்னைக் கேட்டான். போனேன். வலியசாலைத் தெருவில் வக்கீல் வீட்டு ஜன்னலடியில் இன்னும் கூட்டம் கலையவில்லை. எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவன் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.

கையைக் காட்டு என்றார். காட்டினான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் போட்டாயா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தான். நான் கிளம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அன்னிக்கு அவாள்ளாம் ராத்திரி என்ன சாப்ட்டா?"

நாங்கள் அதைக் கேட்காமலே வந்திருந்தோம். கேட்டிருக்கணும் என்றார் அவர். அவ்வளவுதான். கை கழுவிவிட்டுச் சாப்பிட வரும்படி மகனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஓடியே வந்தேன் என்று சொல்லலாம். நல்ல மீன் நிகழ்ச்சி என்றால் என்ன என்று எத்தனை வருஷம் மண்டையை உடைத்திருக்கிறேன். வாழ்நாளில் மீனைத் தொடாத ஒருவர், முன்பின் பார்த்திராத ஒரு கூட்டத்தின் இரவுச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார். இதற்கு மேல் ஒரு நிகழ்ச்சி என்ன செய்ய முடியும், சொல்லு?

ஞாயிற்றுக்கிழமை நானும் ராமசேஷனும் மறுபடி விழிஞ்ஞம் போனோம். இயந்திரம் இல்லை, கேட்க மட்டும் போனோம். அவன் கைக்குட்டையை எடுத்து வரவில்லை. பிலோமினாவிடம் கேட்டோம். கிழங்கும் மிளகாயும் தின்றோம், வேறென்ன, சாமிக்குக் கொடுத்த பங்கு இருந்திருந்தால் ஒரு குழம்பாவது வைத்திருக்கலாம் என்று சிரித்தாள். இதைக் கேட்டது தன் அப்பா என்று ராமசேஷன் சொன்னான். சிரிப்பை நிறுத்தினாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"அவரு கேட்டாரா? அப்போ அவரு அன்னைக்கு என்ன சாப்பிட்டாருண்ணு நானும் கேட்டேண்ணு சொல்லு."

ராமசேஷன் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் ரொம்ப நேரம் யோசித்து, ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் என்று பதில் அனுப்பியிருக்கிறார்.

இசைத்தட்டுப் பேச்சை அதிகாரி இப்போது எடுப்பதில்லை. தாலுகா எங்கே போனாலும் கடல் இங்கேதான் இருக்கும், செய்யுங்கள் என்றார். ஆனால் எனக்கு ஒரு குறை, தங்கபாய். ராமசேஷன் கயிறு பிடித்தபோது நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, படகைப் பார்த்தாலே குமட்டும் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் இதை உனக்கு வாக்காகத் தருகிறேன்: கடல் அடங்கியதும் அவர்களுடைய கட்டுமரத்தில் ஏறி உள்ளே போவேன். வாந்தி எடுத்தால் அந்தச் சத்தத்தையும் வெட்ட மாட்டேன். திரும்பி வந்து கண்டதையெல்லாம் உன் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதம் இல்லாமல், வாயாலேயே சொல்லுவேன்.

என்றும் உனக்கு மட்டுமே அத்தானான,
சாமுவேல்