இடது கண்ணின் ஏரி

ஜனவரி 9
மணிலாக் கண்காட்சிக்காக நான் எடுத்த ஏரிப் புகைப்படங்கள் அச்சாகி வந்துவிட்டன. இத்தனை வருடமும் ஒரே ஏரி. இப்போதுதான் தண்ணீர் நான் நினைத்த நீலத்தில் நிற்கிறது.

ஜனவரி 11
தங்கை செலோ சாப்பிட வந்தாள். புளிப்பு மீன் சூப்பை உறிஞ்சியபடியே படங்களைப் புரட்டினாள்.
"என்னக்கா, ஏரியில மைப்பாட்டிலக் கவுத்துட்டியா?"
அதுதான் உண்மை நிறம் என்றேன்.
"உன் கண்ணுக்கு உண்மையா இருக்கும். மொதல்ல அதக் காட்டிட்டு வா."
கரண்டியைப் பிடிக்கத் தெரியாதவள் நிறம் பேசுகிறாள்.

ஜனவரி 15
அவள் சொன்னது சரி. இரண்டு கண்ணிலும் புரை, பழுப்பேறியிருக்கிறதாம். நீலம் உள்ளே நுழைவதில்லை என்றார் டாக்டர். படங்களைத் திருத்தும்போது கணினித் திரையில் தண்ணீர் மங்கலாகத் தெரிந்தது. நினைவில் இருந்த நீலம் வரும்வரை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். கண்காட்சி ஏப்ரலில். இதையே மாட்டினால் பொய். வேண்டாமென்றால் இந்த வயதில் எனக்கு இன்னொரு சுவர் யார் தருவார்கள்?

பிப்ரவரி 3
வலது கண் ஆபரேஷன் முடிந்தது. செலோ கையைப் பிடித்து நடத்தினாள். பிடிக்கவில்லை; விடவும் இல்லை.

பிப்ரவரி 12
ஏரிக்குப் போனேன். கால் வைக்குமுன் எங்கள் ஊர் வழக்கப்படி கண்ணுக்குத் தெரியாத கரை ஆவிகளிடம் வழிவிடச் சொல்லிக் கேட்டேன். கான்வென்ட் சிஸ்டர்கள் இதற்கு முட்டி போட வைப்பார்கள். வைக்கட்டும்.
வலது கண்ணில் ஏரி சாம்பல் கலந்த பச்சை. நீலம் வானத்தின் ஓரத்தில் மட்டும். இடது கண்ணில் அதே ஏரி இஞ்சிக் கஷாயம். மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆக, என் நினைவில் இருந்த நீலம் எந்தக் கண்ணுடையது? மீன் வளர்க்கும் கூண்டில் தீனி போட்டுக்கொண்டிருந்த மீன்காரி பாசிங் படகிலிருந்து கேட்டாள்: "யாருக்கும்மா கண்ணடிக்கிறீங்க, இந்த வயசுல?"
தண்ணீருக்கு என்றேன். என் கணவர் சில்வெரியோ இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

மார்ச் 6
எல்லாவற்றையும் வலது கண்ணை வைத்து மறுபடி அச்சிடுகிறேன். நீலப் படங்களைக் கிழிக்கப் போனேன். செலோ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள். "உனக்குத்தான் இது தப்பு. என் கூடத்துக்கு அம்சமா இருக்கும்."

ஏப்ரல் 17
திறப்பு விழா. பச்சை ஏரியின் முன்னால் ஒரு பெண் வெகுநேரம் நின்றாள். நான் போய்ப் பேசவில்லை.

மே 5
நாளை இடது கண். இன்று வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு சாயங்காலம்வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். கேமராவைக் கொண்டுபோகவில்லை. இந்தக் கஷாயத் தண்ணீர் அதற்குத் தெரியாது.