ஒரு பாயின்ட் குறைக்காத கண்ணாடி

என் ஆசை நைனாவுக்கு,

நீ போனபின் சண்டை போட ஆளில்லாமல் என் வாய் சும்மா கிடந்தது. போன வாரம் கரையான்சாவடி கண்ணாடிக் கடையில் அந்தக் குறை தீர்ந்தது. எதிரில் நின்றது உன் மருமகன், சண்டை உன்னோடுதான்.

உன் பேத்தி யாழினிக்குக் கிட்டப்பார்வை. மூன்றாம் வகுப்பிலேயே கரும்பலகை தெரியவில்லை. டாக்டர் பவர் எழுதி, எந்நேரமும் கண்ணாடி போடச் சொன்னார். உன் மருமகன் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டி, "ஒரு பாயின்ட் கம்மியா போட்டுக் குடு அண்ணாத்தே. எங்க மாமா இப்டிதான் வாங்குவாரு. இல்லாங்காட்டி பவர் ஏறிகினே போவும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்பத்தூரில் லேத் ஓட்டிய காலமெல்லாம் நீ பவருக்கும் பேரம் பேசினாய். கடைக்காரர் இறங்கி வந்தார், பவர் இறங்கவில்லை. கடைசியில் விழித்திரை பிரிந்து பார்வை போய், வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்தாய்.

"படிச்ச படிப்புக்கு எம்பொண்ணு கோழி மேய்க்குது" என்று என் ஆய்வுக்கூட வேலையைச் சொல்லிச் சிரிப்பாயே, அந்தக் கோழிக்குஞ்சுகளின் ஒரு கண்ணுக்கு மட்டும் மங்கலான மூடி ஒட்டுவோம். குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி வெளிச்சம் போகும், உருவம் தெரியாது. சில நாளில் அந்தக் கண் மட்டும் பின்பக்கம் நீண்டு வளர்ந்து கிட்டப்பார்வை வந்துவிடும். மூடாத கண் ஒழுங்காக இருக்கும். சீக்கிரமே மூடியை எடுத்துவிட்டால் அந்த வளர்ச்சி மட்டுப்படும்.

குஞ்சின் கண்ணை வைத்து உன் கண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லமாட்டேன் நைனா. முழுசாகப் போட்டிருந்தாலும் உன் பவர் ஏறித்தான் இருக்குமோ, யார் கண்டது? ஆனால் பவரைக் குறைத்து மங்கலாகவே விட்டால் கண்ணுக்கு நல்லது என்று இனி என்னிடம் யாரும் சொல்ல முடியாது.

கடையில் இதைத்தான் சொன்னேன். "கோழிக்கு ஏறுனா எம்பொண்ணுக்கு இன்னா?" என்றார் உன் மருமகன்.

"டாக்டர் எழுதுனது எழுதுனபடி போடுங்க. பேரம் பேச இது இன்னா கத்திரிக்காயா?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "மாமா மாதிரி இதுவும் சுவத்தைத் தடவிகினு நடக்கக்கூடாது தேவி. அதான் பயமா கீது."

எனக்கு அழுகை வந்தது. "எனக்கும் அதே பயம்தான்யா. அதான் முழுசா போடச் சொல்றேன்" என்றேன். கடைக்காரர் முழுப் பவரே போட்டுக் கொடுத்தார். உன் வழியை மீறியதில் வருத்தம் உண்டு, விட்டுக்கொடுக்கும் எண்ணம் மட்டும் இல்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த யாழினி நேராக உன் படத்தடியில் போய் நின்றாள். ஸ்டுடியோவில் பளபளக்கிறதென்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்த அதே படம்தான். அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "தாத்தா, கண்ணாடி இல்லாம கீறியே, உனக்கு நான் தெரியறேனா?"

தெரிகிறாளா நைனா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்தக் கல்யாணத்திலும், எந்தப் போட்டோவிலும், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னாலும் இவள் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றச் சொல்லமாட்டேன், சொல்லவும் விடமாட்டேன். நல்ல வெளிச்சம் கண்ணின் நீட்சியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது என்பதால், பள்ளி விட்டதும் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பொழுதோடு ஓடியாட விடுவேன். நீ பார்க்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவள் பார்ப்பாள்.

பேரத்தில் உன்னை முதன்முறை ஜெயித்த
உன் மகள், தேவி