கூட்டத்தில் நான் படிக்காத சீட்டு

நான் தீர்மானத்தைத் திரும்பப் பெறவில்லை. கட்சியின் விழா மலரில் அப்படி அச்சடித்திருக்கிறார்கள்; மாவட்டச் செயலாளருக்குப் பயந்து பின்வாங்கினேன் என்று ஊரிலும் சொல்கிறார்கள். ஓட்டெடுப்புக்கு விட்டேன், தோற்றேன். இரண்டும் ஒன்றல்ல.

மலரை மூடிவிட்டு உன் சீட்டை எடுத்தேன். மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது. உன் ஆஸ்பத்திரியின் பினாயில் வாசனை அதில் இன்னும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நீயே கண்ணை மூடிப் பல வருடங்கள் ஆன பிறகு வாசனை எங்கே இருக்கப் போகிறது?

சீட்டுப் பழக்கம் விழுப்புரத்தில், கான்வென்ட் விடுதியில் வந்தது. படிப்பு நேரத்தில் பேசக் கூடாது. ஜியோமெட்ரி பெட்டிக்குள் சீட்டை வைத்துத் தள்ளுவோம். வந்த சீட்டுக்கு எழுத்தில் பதில் தந்தே ஆக வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். பிறகு நீ கன்னியாஸ்திரீயாகி, திண்டிவனத்தில் சபையின் ஆஸ்பத்திரியை நடத்தினாய். நான் கல்யாணமாகி அதே ஊருக்கு வந்து, கட்சியின் மகளிர் அணியில் சேர்ந்தேன். ஊரார் முன்னால் நீ எனக்கு "சிஸ்டர்". யாரும் இல்லாதபோது நான் உனக்கு "என்னாடி தலைவி".

எண்பதுகளில் ஒரு காலை, பிரம்மதேசம் பக்கமிருந்து ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தாள். மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே, அவள் மகளை ஒருவன் கெடுத்துவிட்டான். முதலில் உன்னிடம் போயிருக்கிறார்கள். காயத்துக்கு மருந்து போட்டாய். கரு தங்காமல் இருக்க மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டிய மாத்திரைக்கு உன் சபையில் அனுமதி இல்லை. அது கிடைக்கும் இடத்தைச் சொல்லவும் தடை. நீ சீட்டு எழுதினாய்: "இங்கே கிடைக்காது. அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். நாளைக்குள்." கீழே உன் கையெழுத்து. பின்பக்கம் என் வீட்டு அடையாளம்.

"அங்க புருசன் கையெழுத்து கேக்கறாங்கம்மா. எம் பொண்ணுக்கு ஏது புருசன்?" என்றாள் அந்தத் தாய். கூடப் போனேன். மாத்திரை கிடைத்தது. சீட்டு என் கைப்பையில் தங்கிவிட்டது.

அந்த மாதமே தீர்மானம் எழுதினேன்: அரசு உதவி பெறும் ஆஸ்பத்திரி எந்த மதத்தாருடையது ஆனாலும் அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டும். கட்சி இரண்டாகப் பிரிந்தது. "சர்ச் ஓட்டு பூராவும் போய்டும். ஏம்மா இந்த பேஜாரு?" என்றார் செயலாளர். அவரைக் கவிழ்க்கக் காத்திருந்த கோஷ்டி என் பக்கம் வந்தது, பெண்கள்மேல் இருந்த அக்கறையால் அல்ல. அவர்களில் ஒருவரிடம் சீட்டைப் பற்றி உளறிவிட்டேன். அது என் தவறு.

விழுப்புரத்தில் நடந்த மாவட்டக் கூட்டத்தில் செயலாளரின் ஆள் எழுந்தார். "அந்தம்மா சும்மா சொல்லிக்கினு இருக்காங்க. ஆஸ்பத்திரில எந்தப் பொண்ணைத் திருப்பி அனுப்பினாங்க? ஆதாரம் எங்க?"

"சீட்டு வச்சிருக்கீங்கல்ல, படிங்க. ஜல்தி முடிஞ்சிடும்" என்று பின்னாலிருந்து என் கோஷ்டிக்காரர் கிசுகிசுத்தார்.

கைப்பையைத் திறந்தேன். படித்தால் ஜெயிப்பேன். மறுநாளே செய்தி உன் மேலிடத்துக்குப் போகும். உன்னை ஆஸ்பத்திரியை விட்டே எடுத்துவிடுவார்கள். மூக்குக்கண்ணாடியை மட்டும் வெளியே எடுத்து மாட்டிக்கொண்டு, தீர்மானத்தை இன்னொரு முறை வாசித்தேன். ஓட்டெடுப்பில் ஆதரவாக என் கையோடு சேர்த்து ஆறு கைகளே உயர்ந்தன.

அடுத்த நாள் உன் ஆஸ்பத்திரி ஆயா ஒரு சீட்டு கொண்டுவந்தாள்: "தோத்துட்டியாமே தலைவி. மல்லாட்டை அவிச்சு வச்சிருக்கேன், வா." வந்தேன். உப்பு அதிகம் என்றேன். "உன் வாய்க்கு எதுதாண்டி சரி?" என்று சிரித்தாய். கூட்டத்தைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன்பின் பல வருடம் நீ அங்கேயே இருந்தாய். உன் சீட்டோடு எத்தனையோ பெண்கள் என் வாசலுக்கு வந்தார்கள்.

ஆனால் சீட்டு எழுத ஆள் இல்லாத ஆஸ்பத்திரிகளும் இருந்தன. அங்கே போன பெண்கள் என்ன ஆனார்களோ. அதை நினைக்கும்போது மலர்க்காரர்கள்மேல் வரும் கோபம் என்மேலும் வருகிறது.

அன்று கூட்டத்தில் நான் உன் சீட்டைப் படித்திருக்க வேண்டுமா? சட்டம் நீ போட்டது. எழுத்தில் பதில் தா.