சாக்ஸஃபோன் இல்லாத பாட்டு

தானா ராத்தா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அகிலன் தம்பிக்கு,

அண்ணி குமுதா எழுதுவது. இங்கே நானும் மகன் மகேனும் சுகம். பெர்த்தில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பள்ளி விடுமுறைக்கு மலையேறி வருகிற கூட்டத்தால் பக்கத்து ஊர் பிரிஞ்சாங் வரை கார்கள் நகராமல் நிற்கின்றன. பூ வாங்கப் போனால் பாதி நாள் போய்விடுகிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியால் அண்ணனின் முதல் வருஷத் திதிக்கு வர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் ஜப்பானில் மேடையேறிய முழங்கால்தானே அது? மகேன் போனில் காட்டினான். பியானோ நன்றாகத்தான் வாசித்தீர்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த ஸ்டூடியோ கதையைத்தான் சொன்னார்கள். நம் எஸ்டேட் ஃபேக்டரியில் ஆயுதபூஜையன்று மெஷினுக்குச் சூடம் காட்டாமல் சுவிட்சைத் தொட மாட்டார்கள். அந்த எஸ்டேட் லயத்து வீட்டுப் பிள்ளைகள், அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர், கோலாலம்பூருக்கு ஜாஸ் ரெக்கார்டிங் போனால் சும்மா இருப்பீர்களா? அடைத்த அறைக்குள் சூடத்தைக் கொளுத்த, புகை அலாரம் அலற, கட்டடமே காலியாகி எல்லோரும் ரோட்டில் நின்றார்கள். யார் செய்தது என்று முதலாளி கத்த, உங்கள் அண்ணன் குணாளன் முன்னால் வந்து, தான்தான் என்றாராம். அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். வெளியே நின்று அலாரத்தின் சுருதியிலேயே சாக்ஸஃபோன் வாசித்து, போகிற வருகிறவர்களைச் சிரிக்கவைத்தாராம். கதை அதோடு முடிந்துவிடும். கேட்பவர்களும் சிரிப்பார்கள்.

கொளுத்தியது நீங்கள் என்று எனக்குத் தெரியும் தம்பி. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை சொன்னார். ஏன் அப்படிப் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "பியானோ இல்லன்னா ரெக்கார்டிங்கே நின்னுரும் லா. சாக்ஸஃபோன் இல்லன்னா என்ன, கொஞ்சம் காத்து கம்மி, அவ்வளவுதான்" என்றார். அவர் இல்லாமலே பதிவான அந்தப் பாட்டு உங்களை எங்கெங்கோ கொண்டுபோனது. அவர் ஹோட்டல் ஹோட்டலாக வாசித்துவிட்டு ஊருக்கே திரும்பினார். அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. உங்கள் பாட்டு வானொலியில் வந்தால் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்.

மகேனுக்கு இது தெரியாது. திதியன்றும் அப்பா சூடம் கொளுத்திய கதையைச் சொல்லத்தான் போகிறான். நீங்கள் அதைத் திருத்த வேண்டாம். எல்லோரோடும் உட்கார்ந்து சிரித்துவிட்டு, இலையில் கை நனைத்துவிட்டுப் போங்கள். அது போதும்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் போன் அடிக்கும்போதெல்லாம், "அகிலனா பாரு" என்றார். அவருக்குக் கோபம் என்று நினைத்துத்தானே இத்தனை வருஷம் வராமல் இருந்தீர்கள்? அவருக்குக் கோபமே இல்லை. கோபம் எனக்குத்தான். சூடத்துக்காக அல்ல. அவர் அப்படிக் கேட்டுக்கேட்டு ஓய்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்தக் கோபத்தையும் இந்தக் கடிதத்தோடு விட்டுவிடுகிறேன்.

உங்கள் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும். வாருங்கள் தம்பி.

அன்புடன்,
அண்ணி
குமுதா குணாளன்