பொத்தானை விடு, பூங்கோதை

துவாரகா, புது தில்லி
நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுபாஷிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அங்கே கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஷ்ரவணும் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் போனில் நீ சொன்னது முழுக்க எனக்குக் கேட்டது. 22ஆம் தேதி வந்து அம்மாவை அழைத்துப் போய், மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னாய். நான் 'ம்' என்றேன். டிக்கெட் போட்டாயிற்று என்றாய். அதற்கும் 'ம்' என்றேன். "வாயைத் திறந்து பேசுங்கப்பா, நான் என்ன சுவத்துகிட்டயா பேசறேன்?" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். கண்ணு, உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது நான் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் தமிழ் படித்தவள் நீ, தட்டுத்தடுமாறியாவது கடைசிவரை படித்துவிடு.

முதலில், உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மார்ச்சில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் கண் அசந்த நேரம் பார்த்துக் கிளம்பிப் போனவள்தான் உன் அம்மா. மூன்றாவது தடவை போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினாள். செருப்பு இல்லை. பாதம் இரண்டும் கொப்புளம். நான்தான் மருந்து போட்டேன், நான்தான் அழுதேன். நீ வீடியோவில் பார்த்துவிட்டு அன்றைக்கே அந்த இல்லத்துக்குப் போன் போட்டாய். பெற்ற மகள் வேறென்ன செய்வாய்.

நீ வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம், இருக்கும் இடத்தைக் காட்டுமே, அதை அவள் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்குத் தானம் செய்துவிட்டாள். அந்தப் பெண் எங்கெங்கே வேலைக்குப் போகிறாள் என்று இரண்டு நாள் நான் தெரிந்துகொண்டதுதான் மிச்சம். மொபைல் கொடுத்தால், அது அடிக்கும்போது பயந்து அரிசிக்குள் புதைக்கிறாள். எடுத்து, விரலால் தள்ளி, காதில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் போய்விட்டது. அவள் ஒன்றுமே செய்யாமல் என் குரல் அவளிடம் போய்ச் சேர வேண்டும். அதற்கு என்ன வழி என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, நம் அடுக்குமாடி சொசைட்டி கேட்டில் நிற்கும் காவலாளியின் இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. எவரோ எங்கிருந்தோ பேசுகிறார், அது தானாகவே பேசுகிறது.

அடுத்த நாளே நேரு ப்ளேஸ் போனேன். கடைக்காரர் பெரிய செட் ஒன்றை எடுத்து வைத்து, "அங்கிள்ஜி, இது பத்து மாடி தாண்டிப் பேசும்" என்றார். லைசென்ஸ் வேண்டுமே என்றேன். "யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்றார். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் கோப்பில் கையெழுத்துப் போட்டவனிடம் சொல்கிற பேச்சா அது. லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசையில் வேலை செய்யும் சின்ன செட்டாகப் பார்த்து, ஜோடியாக வாங்கினேன். ஐயாயிரத்துக்குள் முடிந்தது. கூடவே செட்டை நிற்க வைத்துச் சார்ஜ் ஏற்றும் ஒரு தொட்டில், இரண்டு உபரி பேட்டரி, கழுத்துக் கயிறு, எனக்கு ஒரு காதுக்குழல், அவள் தோளில் மாட்ட ஒரு மைக்.

மைக்கை மாட்டினால், என்னைப் போலீஸ்காரி ஆக்கப் பார்க்கிறீர்களா என்று பிடுங்கி எறிந்தாள். கழுத்துக் கயிறு அரிக்கிறதாம். கடைசியில் பழைய ரவிக்கைத் துணியில் நானே கோணல்மாணலாக ஒரு சுருக்குப்பை தைத்து, அதில் செட்டைப் போட்டு, ஒலிபெருக்கி இருக்கும் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஓட்டை வெட்டி, இடுப்பில் செருகிவிட்டேன். அதை ஏற்றுக்கொண்டாள்.

முதல் நாள் பெரிய கூத்து. இரண்டு செட்டையும் ஒன்றாம் சேனலில் வைத்தேன். காவலாளிகளும் அதே ஒன்றில்தான் இருக்கிறார்கள். "கேட் நம்பர் தோ, தண்ணி டேங்கர் வந்தாச்சு, ஜல்தி வாங்க" என்று அவள் இடுப்பிலிருந்து சத்தம் வர, இவள் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பிறகு ஏழாம் சேனலுக்கு மாற்றி, மற்றவர் பேச்சு நுழையாதபடி இரண்டிலும் ஒரே ரகசிய எண் போட்டேன். பேச்சுச் சத்தம் கேட்டால் தானாக ஒலிபரப்பும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் குக்கர் விசிலெல்லாம் எனக்கு வந்தது, எடுத்துவிட்டேன். பேசும்போது பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். அழுத்தக் கற்றுக்கொண்டாள். விட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. இந்த மாதிரி செட்டில் ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் மற்றவர் குரல் அங்கே போகாது.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் எழுந்துவிட்டாள். இன்று திங்கள்.

அக்டோபர் 27ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து மணி இருக்கும். நான் குளியலறையிலிருந்து வெளியே வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. செட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். எழுபத்து நாலு வயசில் நான்கு மாடிப் படி. கேட்டுக்கு வருவதற்குள் என் செட்டில் அவள் குரல். பொத்தானை அழுத்திக்கொண்டே நடக்கிறாள். செருப்புச் சத்தம், ஆட்டோ சத்தம், அவள் மூச்சு எல்லாம் எனக்குக் கேட்கிறது. நான் கத்துவது எதுவும் அவளுக்குப் போகவில்லை. "பொத்தானை விடு, பூங்கோதை, பொத்தானை விடு" என்று நடுரோட்டில் நின்று அலறினேன். போகிறவர்கள் பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள்.

அப்போது இன்னொரு குரல் கேட்டது. சி ப்ளாக் மாதங்கி, விமான நிலையத்தில் வேலை பார்ப்பவள், வீடு திரும்பும் வழியில் இவளைப் பார்த்திருக்கிறாள். "மாமி, எங்கே தனியா கிளம்பிட்டேள்? வாங்கோ, இப்படி உக்காருங்கோ" என்று எங்கேயோ உட்கார வைத்தாள். பின்னால் டீ ஆற்றும் சத்தம் கேட்டதால் மெட்ரோ ஸ்டேஷன் ஓர டீக்கடை என்று பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன். நடந்துகொண்டே உன் அம்மா சொன்னதையெல்லாம் கேட்டேன். ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"எங்கூட்டுக்காரரு ஆபீஸ் பஸ்ஸு வர்ற நேரமுங்க. அவருகூட எங்கூட்டுக்குப் போயர்லாம்னு வந்தனுங்க. இப்ப இருக்கற எடத்துல ஒரு பெரியவரு இருக்காரு. நல்ல மனுசந்தானுங்க. காப்பி வெச்சுத் தர்றாரு, தல சீவி உடறாரு, அதட்டிப் பேசறதில்ல. ஆனாலும் ஆம்பள ஆளுங்களே. கட்டுனவரு இல்லாதப்ப வேத்து ஆம்பளகூட ஒரே வூட்டுல எப்படிங்க ராத்தங்கறது? அவருக்குத் தெரிஞ்சா மனசு உட்டுப் போயிருவாருங்க. அதான் பொழுதுக்குள்ள கெளம்பீர்றனுங்க."

சுபா, அந்தப் பெரியவர் நான்.

அம்மாவுக்கு உங்களை அடையாளம் தெரிகிறதா என்று நீ கேட்கும்போதெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். மார்ச்சிலிருந்தே தெரியவில்லை. மரியாதையாகத்தான் நடத்தினாள், தட்டை அலம்பி வைத்தாள், நானும் உன்னிடம் மறைத்துவிட்டேன். ஆனால் அவள் வீட்டைவிட்டு ஓடுவதே என்னால்தான், எனக்காகத்தான் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. நான் பின்னால் ஓட ஓட அவள் ஏன் வேகமாக நடந்தாள் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. மானத்தோடு இருக்க வேண்டும் என்று கொப்புளம் வெடிக்க நடந்திருக்கிறாள்.

மாதங்கி டீ வாங்கிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடிக்க உன் அம்மா பொத்தானை விட்டாள். உடனே நான், "பூங்கோதை, நான்தான்" என்றேன். "ஏனுங்க, எங்க இருக்கறீங்க? பஸ் இன்னும் வல்லீங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் ஏழு மாதமாகக் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே கூப்பிட்டாள். முட்டாள் நான், எதிரில் போய் நின்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. செட்டைத் தூக்கி, "அந்தப் பெரியவரு இங்கயும் வந்துட்டாருங்க" என்று என்னிடமே புகார் சொன்னாள். நான் டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அவர் நல்லவர், நான்தான் அனுப்பினேன், பயப்படாமல் அவரோடு வீட்டுக்குப் போ, பஸ் லேட்டாகும்" என்று சொன்னேன். எனக்கு நானே ஜாமீன் கொடுத்தேன். அவளும் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, நான்கு அடி தள்ளி என்னோடு நடந்து வந்தாள். வழியெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. முன்னொரு தடவை எதிரில் நின்று பேசியபோது, அவர் மாதிரியே பேசி ஏமாற்றுகிறாயா என்று கத்தி ஊரைக் கூட்டியிருக்கிறாள்.

டாக்டரிடம் கேட்டேன். முகம் போன பிறகும் சிலருக்குக் குரல் கொஞ்ச நாள் நிற்கும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

அன்றைக்கு ஆரம்பித்து இன்றோடு பதினைந்து நாள். அவள் ஒரு தடவைகூட வாசல் தாண்டவில்லை. வீட்டுக்குள் நான் ஊமைப் பெரியவர். ஐந்து மணிக்குப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானை அழுத்துகிறேன். இன்றைக்கும் பஸ் லேட், பைல் முடியவில்லை, நீ சாப்பிடு என்கிறேன். சரிங்க என்கிறாள். குழம்பில் உப்பு அதிகம் என்று பெரியவரைப் பற்றிக் குறை சொல்கிறாள். பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாளா என்று உன்னைப் பற்றிக் கேட்கிறாள். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், இடுப்புப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பேட்டரி தீரும் முன்பே மாற்றிவிடுகிறேன். இரவு எட்டு மணிக்குத் தொட்டிலில் வைத்தால் காலைக்குள் நிறைந்துவிடுகிறது.

நேற்று மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "நேர்ல எப்பங்க வருவீங்க?" என்றாள். நான் பொத்தானை அழுத்தினேன். கையை எடுத்துவிட்டேன். அவள் ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அம்மாவை இங்கேயே விட்டுவிடு என்று கேட்கத்தான் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுத அது என் சுயநலம் என்று தெரிகிறது. குளிக்க வைக்க ஒரு பெண்ணின் கை வேண்டும். வேற்று ஆணை அவள் எப்படி விடுவாள். காலையில் வரும் ஆயா இரண்டு நாள் வராவிட்டால் இரண்டு நாளும் அவளுக்குக் குளியல் இல்லை. போன செவ்வாய் எனக்கு நெஞ்சு வலித்துச் சோபாவில் சாய்ந்தபோது, யாரோ கிழவர் படுத்திருக்கிறார் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆகவே நீ செய்வது சரி. அழைத்துப் போ.

ஆனால் என்னை இங்கே விட்டுவிட்டு அவளை மட்டும் கொண்டுபோகாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதினால் பெற்ற பிள்ளைக்குப் பாவம் என்பார்கள், அதனால் எழுதவில்லை, அப்படியே வைத்துக்கொள். சனிக்கிழமை மாதங்கி உன் அம்மாவோடு உட்கார்ந்திருக்க, நான் செட்டோடு நடந்து போய்ப் பார்த்தேன். பெட்டியில் மூன்று கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறான், அதை நம்பாதே. இத்தனை கட்டடத்துக்கு நடுவில் அறுநூறு மீட்டர் தெளிவாகக் கேட்கிறது. அதற்கு மேல் ஒரே இரைச்சல்.

அந்த இல்லத்தைச் சுற்றி அறுநூறு மீட்டருக்குள் எனக்கு ஓர் அறை பார். உன் வீட்டில் வந்து இரு என்று சொல்லாதே, அது எட்டாத தூரம். மாடியறை, கார் ஷெட், எதுவானாலும் சரி, சார்ஜர் போட ஒரு ப்ளக் இருந்தால் போதும். இல்லத்து வார்டனிடம் இரண்டே விஷயம் கேள். இடுப்புப் பையை யாரும் பிடுங்கக் கூடாது. இரவில் யாராவது ஒருவர் அதைத் தொட்டிலில் வைக்க வேண்டும். பார்க்க வரும் நேரம், அனுமதிச் சீட்டு, எதுவும் எனக்கு வேண்டாம் என்று சொல். அவள் கண்ணில் நான் படவே மாட்டேன், கண்ணு. உன்மேல் ஆணை.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

உன் அப்பா
ரத்தினவேல்