நான் இல்லாத வீட்டின் சத்தம்

6.2.1989, திங்கள்

மருத்துவமனையில் இன்று மேற்பார்வைக்கு வந்தார்கள். வார்டு வார்டாகக் குறை சொல்லிக்கொண்டு வந்தவர்கள் விரிப்புத் துணிகள் வைக்கும் என்னுடைய லினன் றூமில் வாய் திறக்கவில்லை. வந்த வெள்ளைக்காரிகளில் பெரியவள் அலுமாரியைத் திறந்து, விரிப்புகளின் மடிப்பெல்லாம் ஒரே பக்கம் பார்த்திருப்பதை விரலால் தடவிப் பார்த்தாள். யார் பழக்கியது என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் ஐரிஷ் கன்னியாஸ்திரிகள் என்றேன். யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. மடிப்புத் தெரிந்திருக்கிறது, போதும்.

மற்றப் பெண்கள் பின்னேரம் கேட்டார்கள்: முழுநாளும் வேலைக்கு வருகிறாய், வீட்டில் ஒரு நாய், எப்படிச் சமாளிக்கிறாய்? ஒழுக்கம் என்றேன். வேலைக்கு முதல் பார்க்கைச் சுற்றி ஒரு நடை. வேலையால் வந்தபின் இன்னொன்று. தட்டில் சாப்பாடு வைத்தாலும் நான் "ம்" என்று சொல்லும்வரை வீமன் வாய் வைக்காது. குசினிக்குள் கால் வைக்காது. சாமி அறைப் பக்கம் திரும்பியும் பார்க்காது. வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறி என்றால் அதற்கும் மரக்கறி. நான் கதவைப் பூட்டும்போது முன்வாசல் நடையோடையில் தன் பாயில் படுத்திருக்கும். திறக்கும்போதும் அதே பாயில் இருக்கும். குரைத்து நான் கேட்டதில்லை.

இதை அவர் இருந்து பார்க்கவில்லையே என்பதுதான் குறை. நாய் முற்றத்துக்குரியது, வீட்டுக்குள் வேண்டாம் என்று நான் சண்டை பிடிக்கப் பிடிக்கக் கூட்டிக்கொண்டு வந்தவர். பென்ஷன் எடுத்த பிறகு பகல் முழுவதும் இரண்டு பேரும் ஒரு சோபாவில். அவர் போய் ஒரு வருடமும் மூன்று மாதமும். சோபாவில் இப்போது யாராவது ஒரு நாய் மயிர் காட்டட்டும் பார்க்கலாம்.

9.2.1989

மழை. வாசலில் நாலு காலையும் துடைத்துத்தான் உள்ளே விட்டேன். கம்பளத்தில் ஒரு புள்ளி இல்லை.

11.2.1989, சனி

மனம் சரியில்லை.

பக்கத்து வீட்டில் நம்முடைய ஆட்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். போன ஐப்பசியில் வந்தவர்கள். அவர்களில் கிறிஸ்துராஜா என்பவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைக்குப் போய் வரும்போது வாசலில் மறித்தான்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. உங்கட நாய்..."

"என்ர நாய்க்கு என்ன?"

"நீங்கள் அங்கால போக, அது இஞ்சால துவங்கிடும். பின்னேரம் வரைக்கும் ஊளை. நாங்கள் பகல் வேலைக்குப் போறம், பரவாயில்லை. யோகராஜா அண்ணை இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்ரேஷனில நிண்டிட்டு விடிய வந்து படுக்கிறவர். அவருக்கு நித்திரை எண்டதே இல்லை."

வேறு வீட்டு நாயாக இருக்கும் என்றேன். அவன் சிரித்தான். "வேற வீட்டு நாயெண்டா நாங்கள் எப்பவோ சண்டைக்குப் போயிருப்பம் அன்ரி."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னேன்: சரி, திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகிற மாதிரிப் போய் உங்கள் வீட்டில் வந்து இருக்கிறேன். என் காதால் கேட்கிறேன். கேட்காவிட்டால் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இவ்வளவு காலத்தில் செத்த வீட்டுக்கும் திவசத்துக்கும் அல்லாமல் நான் லீவு எடுத்ததில்லை. இப்போது ஒரு நாயின் நல்ல பெயருக்காக எடுக்கிறேன்.

13.2.1989, திங்கள்

எழுதத்தான் வேண்டும்.

வழக்கம்போல் கோட்டுப் போட்டு, கைப்பையோடு கதவைப் பூட்டினேன். தெருமுனை வரை நடந்து, பின்பக்க ஒழுங்கையால் அவர்கள் வீட்டுக்குள் போனேன். யோகராஜா அப்போதுதான் வேலையால் வந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது. என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். முன்னறையில் நல்ல கதிரையை எனக்குப் போட்டான். அந்த அறைக்கும் என் ஓடைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

முதலில் ஒன்றுமில்லை. பார்த்தாயா என்று அவனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு நகச் சத்தம். கதவு வரை போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. பிறகு தொடங்கியது. குரைப்பு என்றால் அடக்கியிருப்பேன் – குரைப்பு இல்லை. நீளமாக, மூச்சு முடியும்வரை ஒரு அழுகை. நிறுத்தும். கேட்கும், யாராவது வருகிறார்களா என்று. வரவில்லை என்றதும் மறுபடி.

அவருடைய செத்த வீட்டில் நான் அழவில்லை. எல்லோரும் பார்க்க அழுவது எங்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்டதல்ல. என் வீட்டுக்குள்ளே ஒருத்தன் ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டிருந்திருக்கிறான். என்னைக் கண்டதும் பாயில் போய்ப் படுத்து, நல்ல பிள்ளை மாதிரி – அட கடவுளே, நான் அதைத்தானே ஒழுக்கம் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.

முகம் கழுவ மேலே போனேன். குளிக்கிற தொட்டிக்குள் ஒரு மெத்தை மடித்து வைத்திருந்தது. தலையணை. போர்வை. அந்த வீட்டில் என் சுவரிலிருந்து தூரமான இடம் அதுதான்.

இறங்கி வந்து கேட்டேன்: "இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களிட்டை எப்பிடி அன்ரி சொல்றது? வந்த புதுசில நீங்கள்தானே எங்களுக்கு டொக்டரிட்டைப் பதியக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். பிறகு, பாவம், அதுவும் தனியத்தானே."

அப்போதுதான், சாட்சிக்கென்று வேலைக்குப் போகாமல் நின்ற கிறிஸ்துராஜா வாயைத் திறந்தான். யோகராஜா கவுண்டரில் தூங்கி விழுந்ததை மனேஜர் இரண்டு தரம் பிடித்திருக்கிறார். மூன்றாம் தரம் என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் ஊரில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடும் கதையும் இல்லை.

"சும்மா இரடா," என்றான் யோகராஜா.

14.2.1989

வீமன் என் முகத்தைப் பார்க்கிறது. நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

19.2.1989, ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்தேன். ரேப் றெக்கோடரில் என் குரலைப் பதிந்தேன். "வீமா, இரு. சத்தம் போடாதை. நான் வந்திடுவன்." இடையிடையே தேவாரம். கொன்வென்ற்றில் மேடையில் பேசிப் பரிசு வாங்கின குரல் இது. இதற்கு அடங்காத நாய் இருக்க முடியாது.

20.2.1989

றெக்கோடர் நிலத்தில் விழுந்து மூடி உடைந்து கிடந்தது. நான் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன் என்று தேடியிருக்கிறது. கிறிஸ்துராஜா சொல்கிறான்: "இண்டைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து பாடினியளாம் அன்ரி."

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

22.2.1989, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் எடுத்து வீட்டுக்கு ஓடினேன். அரை மணி நேரம் அதனோடு இருந்தேன். திரும்பும் பஸ் வரவில்லை. வேலைக்குப் பிந்திப் போனேன். எனக்குக் கீழே வேலை செய்யும் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நல்லாயிருக்கும்.

நான் திரும்பக் கதவைப் பூட்டியபோது ஊளை முன்னையதைவிடக் கூடவாம். ஒரு நாளில் இரண்டு தரம் விட்டுவிட்டுப் போகிறேன், அதுதான் கண்ட மிச்சம்.

25.2.1989, சனி

மகள் கல்யாணி ரெய்னர்ஸ் லேனிலிருந்து பிள்ளைகளோடு வந்தாள்.

"அம்மா, வேலையை விடுங்கோ. அறுபத்தொரு வயசில உங்களை ஆர் துணி மடிக்கச் சொன்னது?"

துணி மடிக்கிறேனாம். மகள் சொல்கிறாள். சத்திரசிகிச்சை அறைக்குப் போகும் ஒவ்வொரு துணியும் என் கண்பட்டுத்தான் போகிறது என்று அவளுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

"அப்பிடியெண்டா நாயை விடுங்கோ. ரெண்டையும் பிடிச்சுக்கொண்டு இருக்க ஏலாது. எங்கட தெருவில ஒரு நல்ல வெள்ளைக்காரக் குடும்பம் நாய் தேடுது. நாளைக்குப் பின்னேரம் வந்து பாக்கச் சொல்லட்டோ?"

ஒரு வேலை, அல்லது ஒரு நாய். வேலையை விட்டால் நான் யார்? மகள் வீட்டில் பிள்ளை பார்க்கிற கிழவி. நாயை விட்டால் –

வரச் சொல் என்றேன். எனக்காக இல்லை. ஒரு மனிதன் குளிக்கிற தொட்டிக்குள் படுத்திருக்கிறான்.

26.2.1989, ஞாயிறு

காலையில் வீமனைக் குளிப்பாட்டினேன். கழுத்துப்பட்டியை மினுக்கினேன். போகிற இடத்தில் யாரும் குறை சொல்லக்கூடாது.

பத்து மணிக்கு யோகராஜா வந்தான். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றக் கையால் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"குடுக்கப் போறியளாம். கிறிஸ்துராஜா சொன்னவன்."

"ஓம். இனி உமக்கு நித்திரை வரும்."

"வராது அன்ரி. நீங்கள் வீட்டில நிண்ட சனி ஞாயிறிலயும் எனக்கு வந்ததில்லை. அது ஊளையிடாட்டிலும் நான் முழிச்சுக்கொண்டுதான் படுத்திருக்கிறனான். எல்லாரும் போயிடுவினம். வெறும் வீட்டில பகல் வெளிச்சத்தில படுத்தா... மனுசி தவத்தின்ர நினைவு, பிள்ளையின்ர நினைவு. உண்மையச் சொல்லப்போனா, அது அழேக்க எனக்கும் சேர்த்து அழுகுது எண்டுதான் படுத்திருப்பன்."

பிறகு ஒரே மூச்சில் சொன்னான். "பகலில அதை என்னட்டை விடுங்கோவன். நான் படுக்கேக்க அதுவும் பக்கத்தில படுக்கட்டும்."

நான் இந்த நாட்டில் யாரிடமும் ஒரு உதவி கேட்டதில்லை என்றேன். அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

"நீங்கள் கேக்கேல்லையே. நான்தானே கேக்கிறன்."

அப்படிக் கேட்கத் தெரிந்திருக்கிறது அவனுக்கு. யாரும் பழக்கியிருக்க மாட்டார்கள்.

யோசித்துவிட்டு என் சட்டங்களைச் சொன்னேன். கட்டிலில் ஏற்றக் கூடாது. சோபாவிலும் கூடாது. குசினிக்குள் விடக் கூடாது. வெள்ளிக்கிழமை மரக்கறி. எல்லாவற்றுக்கும் ஓம் அன்ரி, ஓம் அன்ரி. கல்யாணிக்கு ரெலிபோன் எடுத்து அந்த ஆட்களை வர வேண்டாம் என்றேன். அவள் கத்தினாள். கத்தட்டும்.

27.2.1989, திங்கள்

மத்தியானம் மருத்துவமனையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். வாசல் கதவைத் திறந்து விட்டிருப்பானோ? பெரிய தெருவுக்கு ஓடியிருக்குமோ? தலையணை உறைகளைப் பிழையாக எண்ணினேன். நான்! மூன்று மணிக்குச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டு விட்டேன்.

பின்பக்கக் கதவு சும்மா சாத்தியிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மேலே போனேன். அவன் தன் கட்டிலில், சுவரைப் பார்த்து, வாய் திறந்தபடி நித்திரை. அவன் முழங்கால் மடிப்புக்குள் வீமன். என் சட்டங்களில் முதலாவதே உடைந்தது. வீமன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எழும்பவில்லை. பாய்க்கு ஓடவில்லை. கண்ணை மூடிவிட்டது.

ரெலிபோன் அடித்தும் எழும்பாத இரண்டு பேர்.

கட்டில் விரிப்பு ஒரு பக்கம் நிலத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. மூலையை மடித்துச் சொருகினேன், அவர்களை எழுப்பாமல். முப்பது வருடம் இதைத்தான் செய்கிறேன். இதைவிட நன்றாக ஒரு நாளும் செய்ததில்லை. கீழே இறங்கி, என் வீட்டுக்கு வந்து, அவர் இருந்த சோபாவில் உட்கார்ந்து அழுதேன். யாரும் இல்லைத்தானே.

3.3.1989, வெள்ளி

வீமனின் வாயில் சூடைமீன் மணக்கிறது. நான் கேட்கவில்லை.

15.9.1990, சனி

யோகராஜாவின் மனைவி தவமலரும் மகளும் வந்து இறங்கினார்கள். கொழும்பில் காத்துக் கிடந்து, மெலிந்து. யோகராஜா இப்போது இரவு வேலைக்குப் பொறுப்பாக இருக்கிறான். கவுண்டரில் ஒரு நாளும் தூங்கியதில்லை. நான் அவர்களுக்குப் புது விரிப்புகளுக்கு ஓரம் தைத்துக் கொடுத்தேன்.

"நாய் கட்டிலிலயோ?" என்று தவமலர் முகத்தைச் சுளித்தாள். நல்ல பிள்ளை. என்னைப்போல் வளர்ந்தவள்.

2.10.1990

நாயா நானா என்று தவமலர் கேட்டாளாம். யோகராஜா யோசித்துப் பதில் சொன்னதற்குத்தான் கோபமாம். இப்போது அவளும் பகலில் தையல் வேலைக்குப் போகிறாள், பிள்ளை பள்ளிக்கூடம். பகலில் மறுபடி அவனும் வீமனும்தான். கோபம் ஆறி, நல்லாய்ப் படுக்கட்டும் என்கிறாள்.

31.7.1992, வெள்ளி

கடைசி நாள். அறுபத்தைந்து. மேட்ரன் பேசினாள், கேக் வெட்டினார்கள். அலுமாரிச் சாவியை ஒப்படைக்குமுன் ஒரு தரம் திறந்து பார்த்தேன். எல்லா மடிப்பும் ஒரே பக்கம். எனக்குக் கீழே வேலை செய்தவள், இனி பொறுப்பெடுப்பவள், சொன்னாள்: இது இப்படியே இருக்கும். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் பழக்கியது.

இனி வீமனுக்கு நான் முழுநாளும் இருக்கிறேன். அது பக்கத்து வீட்டுக்குப் போக வாசலில் நிற்கத் தேவையில்லை.

3.8.1992, திங்கள்

காலையில் இருவரும் பார்க்கைச் சுற்றி வந்தோம். அவசரமில்லாமல் தேத்தண்ணி குடித்தேன். பழைய துவாயொன்றை விரித்து, சோபாவில் எனக்குப் பக்கத்தில் வா என்று தட்டினேன். எத்தனை வருடத்துச் சட்டம். வீமன் வந்தது, ஏறியது, கொஞ்ச நேரம் இருந்தது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம். யோகராஜா வேலையால் வந்துவிட்டான்.

வீமன் இறங்கியது. இப்போது முகமெல்லாம் நரை. இறங்க நேரம் எடுக்கிறது. போய்த் தன் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு கதவடியில் நின்றது. இரு, இனித் தேவையில்லை, நான் இருக்கிறன் என்று சொன்னேன். என்னைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. ஊளையிடவில்லை. அதற்கு வேலைக்கு நேரமாகிறது, அவ்வளவுதான்.

மூன்றரை வருடத்தில் ஒரு நாளும் பிந்திப் போகாதது. என் வீட்டு நாய்.

கதவைத் திறந்து விட்டேன். யோகராஜா வாசலில் நின்று, "அன்ரி, இண்டைக்கும் விடுறியளோ?" என்று கேட்டான். நம்பவே முடியாத மாதிரி.

"அது தன்ர வேலைக்கு வருகுது. என்னை ஏன் கேக்கிறீர்?"

திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். சோபாவின் சுவர்ப் பக்கமாக உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் படியேறும் நகச் சத்தம், கட்டில் கிறீச்சிட்டது, பிறகு ஒன்றுமில்லை. வீமனும் இல்லாத நடுப்பகலில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பின்னேரம்வரை இருந்தேன். நான் ஒரு சத்தமும் போடவில்லை.