ஓதம் ஏறிய மாளிகையை விற்ற சம்பந்திக்குத் தண்கரை அரசி விடுத்த ஓலை

வாழ்க, வளர்க. கார்முகட்டு மலைநாட்டின் முகடுகள் அனைத்துக்கும் ஒரு குடையாய் நிழல் தருபவரும், மேகங்களுக்கு வழிவிடும் பெருமனத்தவரும், யானைப்படைக்கு அதிபதியும், நம் அருமைச் சம்பந்தியுமாகிய கோன் வரைமார்பர் திருமுன், தண்கரை நாட்டை ஆளும் அரசி உலகுடைநங்கை எழுதுவித்த ஓலை. தங்கள் கொற்றமும் கோட்டையும் நலமே விளங்குக. தங்கள் திருமேனி நலமே திகழ்க. தங்கள் அரண்மனைச் சுவர்கள் உலர்ந்தே இருக்கட்டும். அவை உலர்ந்தே இருப்பதாகத்தான் கேள்வி.

நாம் இங்கு நலம். நம் ஆறு நிறைந்து ஓடுகிறது. ஆனால் இரு கரைகளுக்கு நடுவே ஓடுகிறது, படுக்கையறைக்குள் அன்று. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லும் காலம் வருமென்று நாம் நினைத்ததில்லை.

எழுதப் புகுந்த செய்தி, தாங்கள் நமக்கு விற்றருளிய மாளிகை பற்றியது. நம் மகள் அல்லியங்கோதையைத் தங்கள் இளைய குமாரர் குன்றனாருக்கு மணம் செய்வித்தபோது, புதுமணமக்கள் தனி மனையில் வாழ்தல் நலமென்று நாம் விரும்பினோம். தாங்களோ, வேறெங்கும் தேட வேண்டா என்றும், தங்கள் அத்தையார் வாழ்ந்த பழைய மாளிகை இருக்கிறதென்றும், அதன் தேக்குத் தூண்களைப்போல் செதுக்க இந்நாளில் ஆளில்லை என்றும் சொல்லியனுப்பினீர்கள். அத்தையார் அங்கே எவ்வளவு காலம் வாழ்ந்தார், ஏன் வெளியேறினார் என்று நாமும் கேட்கவில்லை, தாங்களும் சொல்லவில்லை. சம்பந்திகளுக்குள் துருவித் துருவிக் கேட்பது அழகாகாது என்று இருந்துவிட்டோம்.

மாளிகையைப் பார்த்துவர நம் அமைச்சர் செங்கண்ணனாரை அனுப்பினோம். கட்டடக்கலையைக் கரைத்துக் குடித்தவர் அவர். கோடையின் உச்சியில் அவரை வரவேற்ற தாங்கள், அவர்மேல் வைத்த மதிப்பால் சுவரெங்கும் பட்டுத்திரை கட்டினீர்கள். அறைதோறும் சாம்பிராணி புகைத்தீர்கள். விருந்தினரைப் பெருமைப்படுத்தக் கட்டிய திரையை அவ்விருந்தினரே கையால் விலக்குவது நம் நாட்டில் பெரும் அவமரியாதை என்பது தங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே அமைச்சர் பட்டின் நெசவை மெச்சினார், நறும்புகையை மெச்சினார், மதிய உணவை மிகமிக மெச்சினார். சுவரைப் பாராமலே திரும்பினார். அவர் சொல்லை நம்பி நாம் பொன்னை நிறுத்துக் கொடுத்தோம். இப்போது அவரை நாட்டின் நீர்த்தொட்டிகளில் பாசி தேய்ப்பிக்கும் பொறுப்பில் அமர்த்தியிருக்கிறோம். அங்கே திரைகள் இல்லை.

பிறகு மழை வந்தது. மகளோடு சென்றிருந்த செவிலி மாதங்கி சென்ற திங்கள் வந்து நம்மிடம் அறிவித்ததாவது: மாளிகையின் பின்சுவர் மலைப்பாறையை ஒட்டிக் கட்டப்பட்டிருக்கிறது, பாறையில் ஓர் ஊற்று இருக்கிறது, அது போக வேறு வழியின்றி வீட்டுக்குள் வருகிறது. தரையெல்லாம் ஓதம் ஏறிக் கால் வைத்தால் சில்லிடுகிறது. புதுச் சுண்ணாம்பின் அடியிலிருந்த காரை பொருக்குப் பொருக்காய்ப் பெயர்ந்து, செங்கல்லில் உப்புப் பூத்து நிற்கிறது. பெட்டியில் வைத்த கூறைப்புடவையில் பூஞ்சை பிடித்துவிட்டது. தூண்களைச் செதுக்க ஆளில்லை என்றீர்கள். அந்தக் குறையைக் கறையான் தீர்த்து வருகிறது.

இவற்றைத் தங்கள் திருச்செவியில் போட்டபோது தாங்கள் அருளிய விளக்கத்தையும் கேட்டோம். ஆள் புழங்காத வீடு அப்படித்தான் இருக்கும், புழங்கப் புழங்கக் காயும் என்றீர்களாம். புழங்கினார்கள், புழங்கியவர்கள் நனைந்தார்களே தவிர வீடு காயவில்லை. மருமகள் வந்த மகிழ்ச்சியில் சுவர்கள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கின்றன என்று தங்கள் அவைப்புலவர் பாடினாராம். அவருக்குப் பரிசாக ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறோம். அந்த ஆனந்தத்தின் நடுவே அவரும் ஒருநாள் படுத்து எழட்டும். மருமகப்பிள்ளை குன்றனார் மழைக்காலம் முழுவதும் வேட்டைக்குடிலிலேயே தங்குகிறாராம். கொட்டும் மழையில் எந்த மான் வெளியே வருகிறதென்று நாம் ஆராயவில்லை. குடில் ஒழுகாது என்பது மட்டும் விளங்குகிறது.

இவ்வளவும் போகட்டும். நனைந்தது வீடு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். என் மகள் கருவுற்றிருக்கிறாள். இரவெல்லாம் இருமுகிறாள், விடிந்ததும் நன்றாக உறங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்கிறாள். செவிலி இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது தங்கள் நாட்டிலும் வழக்கம், எம் நாட்டிலும் வழக்கம். அனுப்புங்கள் என்று இருமுறை எழுதினேன். தாங்கள் மறுத்தீர்கள். வாங்கிய மனையில் ஓராண்டு நிறையுமுன் மனையாள் வெளியேறினால் அது ஆகாத மனையென்று ஊர் பேசும், தங்கள் முன்னோர் பெயருக்கு இழுக்கு வரும் என்று காரணமும் எழுதினீர்கள். ஒரு சுவரின் மானத்தைக் காக்க என் பெண்ணின் மூச்சையா ஈடு வைப்பது? எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. சம்பந்தியாயிற்றே என்று அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

ஆதலால் நம் முடிவைக் கேட்டருள்க. பொன்னைத் திருப்பித் தர வேண்டா. மாளிகையையும் தாங்களே வைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றி எங்கும் குறை பேச மாட்டோம். மருமகள் வளைகாப்புக்குப் போயிருக்கிறாள் என்று தாங்கள் ஊராருக்குச் சொல்லிக்கொள்ளலாம். மருமகப்பிள்ளைக்கு மனைவியின் நினைவு வந்தால் அவரும் வரலாம். நம் அரண்மனையில் மான் இல்லை, ஆயினும் உலர்ந்த அறைகள் உண்டு.

இன்னும் ஒன்று. தங்கள் நாட்டில் போற்றத்தக்க வழக்கம் ஒன்று இருக்கிறது. வேற்றரசின் ஓலையை வாசிக்க முரசு ஒலித்துவிட்டால், இறுதியில் முத்திரையைக் காட்டும்வரை அரசர் முதல் கோட்டை வாயிற்காவலர் வரை ஒருவரும் இருந்த இடம் விட்டு அசையலாகாது. இவ்வோலையோடு வந்த பல்லக்கில் வளையலும் பட்சணமும் இருப்பதாக வாயிலில் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். அவற்றை மாளிகையில் இறக்கிவிட்டுத் திரும்பும் பல்லக்கு காலியாக இராது. செவிலி உடன் வருகிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சுமந்து வழுக்கும் மலைப்பாதையில் மெல்லத்தான் இறங்க வேண்டுமென்று தூக்கிகளுக்குக் கட்டளை. ஆகவேதான் இரண்டு வரியில் முடிய வேண்டிய செய்தியை நாம் இவ்வளவு நீட்டினோம். தங்கள் ஓலைநாயகம் நிறுத்தி நிதானமாக வாசிப்பவர் என்று கேள்விப்பட்டோம். அவர் நீடூழி வாழ்க.

இதைக் கேட்டுத் தாங்கள் எழ முயல வேண்டா. முத்திரை இன்னும் வரவில்லை. மலையடிவாரத்து ஓடையைத் தாண்டினால் எம் நாடு. அங்கே என் மகளுக்காக நானே நிற்கிறேன்.

தங்கள் குலம் தழைக்க. அது தழைக்க வேண்டிய வயிறு உலர்ந்த இடத்தில் உறங்குக. இது அரசி உலகுடைநங்கை திருவாய் மலர, எழுத்தர் நாகன் கைப்பட எழுதியது. தண்கரையின் நாரை முத்திரை இதன் கீழே.

கண்டீர்கள். இனித் தாங்கள் அசையலாம்.